வால்யூம் திருகில் ஒரு மார்கழி

1

வெயில் சுடுகிறது என்று தெரிவதற்கு என்ன விலை? பதினோரு ரூபாய் எழுபது காசு. ரசீது இருக்கிறது. 1977 மே மாதம் இருபதாம் தேதி, தேரடித் தெரு, பரசுராமன் ரேடியோ கடை. பதினெட்டில் ஆரம்பித்தார்; நான்தான் பேசி இறக்கினேன்.

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். போன மாதம் செங்கம் சாலையில் மதார் சாகிப்பின் ஒர்க்‌ஷாப்பில் என் வண்டிக்கு பிரேக் பார்க்கக் கொடுத்துவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தேன். பாய் ஒரு கீழ்பென்னாத்தூர் வேன்காரரிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"தப்பு பண்ணா தப்புன்னு சொல்லிடணும்ங்க. பத்து வருசம் முன்னால ஒரு வெள்ளக்காரம்மா வண்டிய நானே கெடுத்துட்டேன். மூஞ்சிக்கு நேரா சொன்னேன், நான்தான் கெடுத்தேன்னு. அந்தம்மா இன்னா பண்ணாங்க? ரெண்டு கையாலயும் என் கையப் புடிச்சிக்கினாங்க. கிரீஸ் கை! இதோ நிக்கிறாரே நைனார், இவர்தான் சாட்சி. கேளுங்க."

வேன்காரர் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன். டீ அதற்குமேல் இறங்கவில்லை.

ஏன் இறங்கவில்லை என்பதுதான் கதை. அதைச் சொல்ல ஐந்தாம் பகுதி வரை ஆகும். சரக்கை முதலிலேயே பிரித்துக் காட்டுகிறவன் மண்டி நடத்த முடியாது.

2

நைனார் என்பது என் பெயர் இல்லை. எங்கள் பக்கத்துச் சமணக் குடும்பங்களை ஊர் அப்படித்தான் கூப்பிடும். என் பெயர் தன்யகுமார். அப்பா விருசபதாசன், மல்லாட்டை கமிஷன் மண்டி. (மல்லாட்டை என்றால் நிலக்கடலை. தெற்கத்தி வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம்.) எங்கள் வீட்டில் பிள்ளைகள் 'அம்மா'வுக்கு அடுத்தபடியாகப் பேசும் சொல் 'ஜாஸ்தி'. ஆகையால் இந்தக் கதையில் நான் எதைச் சொன்னாலும் கொஞ்சம் குறைத்தே கேளுங்கள். எனக்கு அது பழக்கம்தான்.

முதல் வரி கிடைக்காமல் பட்ட பாட்டையும் பாருங்கள்.

'மலையின் மேல் வெயில் ஒரு —'

(அடித்துவிட்டேன். மலையைப் பற்றி எழுத இந்த ஊரில் ஆள் ஜாஸ்தி.)

'எல்கே என்ற அந்தப் பெண்மணியின் நீலக் கண்களில் —'

(பொய். அவர் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். கண் என்ன நிறம் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.)

'கறுப்புப் புகை விட்டுக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது.'

இது நிற்கும். இதை வைத்துக்கொண்டு போவோம்.

போவதற்கு முன் ஒன்று. இந்தக் கதையின் கையெழுத்துப் பிரதியை என் பெரியப்பா மகள் சுனந்தாவிடம் கொடுத்திருந்தேன். அவள் கதையில் வருகிறாள். அப்போது இங்கே கல்லூரி இயற்பியல் ஆய்வகத்தில் டெமான்ஸ்ட்ரேட்டர். பென்சிலால் ஓரத்தில் எழுதித் திருப்பிக் கொடுத்தாள். அவள் எழுதியதை ஆங்காங்கே நட்சத்திரம் போட்டுத் தருகிறேன்.

* 'என்னை அறிமுகம் செய்ய ஒரே வரிதானா? சித்தப்பாவின் மண்டிக்கு இரண்டு வரி கொடுத்திருக்கிறாய்.'

3

கறுப்புப் புகை விட்டுக்கொண்டு ஒரு கார் வந்து நின்றது. வண்டியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அந்தக் கம்பெனி எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. ஓட்டி வந்தவர் எல்கே. வயது அறுபதுக்கு ஒன்றிரண்டு கம்மி. கடல் உறைந்து போகும் வடக்கத்திய ஊர் ஒன்றில் பியானோக்களுக்குச் சுருதி சேர்ப்பது அவர் தொழில். தனியாகக் காரோட்டி, ஏழெட்டு தேசம் தாண்டி, ஆசிரமத்துப் பக்கம் இரண்டு வாரம் இருக்கலாம் என்று வந்தவர், அறை எடுத்து ஆறு மாதம் இருந்துவிட்டார். ஊர் அவரை எல்கேம்மா ஆக்கிவிட்டது.

எல்கேவின் பிரச்சினை ஒரு சின்னப் புத்தகம். வெளிநாட்டு வண்டியை வரி கட்டாமல் கொண்டுவந்தால், குறிப்பிட்ட தேதிக்குள் வெளியே கொண்டுபோய், எல்லையில் அந்தப் புத்தகத்தில் முத்திரை வாங்கிவிட வேண்டும். எல்கேவின் தேதி ஜூன் பன்னிரண்டு. தவறினால், அவருக்காக ஜாமீன் நின்ற அவருடைய அக்காவின் வீடு போய்விடும். எல்லையோ இங்கிருந்து இரண்டாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அதற்கப்பால் பனி மூடிய கணவாய்கள். கார் செங்கம் போய்த் திரும்புவதற்குள் கால் டாங்க் பெட்ரோலைக் குடித்துவிட்டு, ஆஸ்துமாக்காரர் மாதிரி இளைத்தது.

மதார் பாய்க்கு அந்தக் கார் புதிதல்ல. சித்திரை வெயிலில் மதிய நேரம் ஸ்டார்ட் ஆகாமல் நின்றபோதெல்லாம் அவர்தான் பார்த்தார். நம் ஊர் டிரைவர்கள் எல்லோரும் செய்கிற வைத்தியம்தான்: சூட்டில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொண்டால், பம்ப்பு மேல் ஈரத்துணி. இதில் பம்ப்பு எங்கே என்று தெரியாததால், காற்று உள்ளே போகிற குழாய்மேல் நனைந்த சாக்கைப் போர்த்தினார். வண்டி கிளம்பியது. அதிலிருந்து தினம் ஒரு ஈரத்துணி. எல்கேவும் கற்றுக்கொண்டு, பாய் இல்லாதபோது தானே போட்டுக்கொள்வார். டீக்கடைக்காரர்கூட போகிற போக்கில் ஒரு சொம்பு ஊற்றிவிட்டுப் போவார். ஊரே சேர்ந்து அந்த வண்டிக்குக் காய்ச்சல் பார்த்தது.

வைகாசி பிறந்ததும் புகை ஆரம்பித்தது. நான் அங்கே எப்படி வந்தேன் என்றால், எல்கேவுக்கு ஆங்கிலம் தெரியும், பாய்க்குத் தெரியாது, எனக்கு அரைகுறையாகத் தெரியும், மண்டியில் சீசன் முடிந்திருந்தது. மொழிபெயர்ப்பாளன்.

பாய் பிளக்கைக் கழற்றினார், கரி. துடைத்துப் போட்டார், மறுபடி கரி. ஏர் ஃபில்டர், பாயிண்ட், எல்லாம் பார்த்தாயிற்று. மூன்றாம் நாள் இடுப்பில் கைவைத்து நின்றார்.

"நைனாரே, அந்தம்மாகிட்ட கேளு. கார்புரேட்டர எங்க ஒளிச்சி வெச்சிருக்காங்க?"

கேட்டேன். "இல்லவே இல்லையாம் பாய். சீட்டுக்கு அடியில ஒரு தகரப் பொட்டி இருக்குதாம். அதுதான் எவ்ளோ பெட்ரோல் விடணும்னு கணக்குப் போடுமாம்."

"அடுப்பே இல்லாம சமையலா! கணக்குப் போடறது பொட்டின்னா ஒங்கப்பாவக் கூட்டினு வா. நான் இன்னாத்துக்கு?"

அப்பாவுக்குப் பதில் சுனந்தா அக்காவைக் கூட்டி வந்தேன். இருபதாம் தேதி காலை, ஆய்வகத்து மல்ட்டிமீட்டரைத் துண்டில் சுற்றிக் குழந்தை மாதிரி எடுத்துவந்தாள்.

"டேய் தன்யா, நாலு மணிக்குள்ள இது பீரோவுல இருக்கணும். லீவுல ஸ்டாக் எடுக்கறாங்க. காணலன்னா என் மூணு மாச சம்பளம்."

தகரப் பெட்டியிலிருந்து புறப்பட்ட கம்பிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டே போனாள். ஒன்று காற்றுக் குழாயில் போய் முடிந்தது. அங்கே கட்டைவிரல் நுனி அளவுக்கு ஒரு பித்தளைக் குமிழ். அதே மாதிரி இன்னொன்று இன்ஜின் உடம்பில்.

"இது உள்ள போற காத்து எவ்ளோ சூடுன்னு பாக்குது. அது இன்ஜின் எவ்ளோ சூடுன்னு பாக்குது. ரெண்டும் பொட்டிக்குச் சேதி சொல்லும்."

"ஓ, மூக்கு," என்றார் பாய். பெயர் வைத்தாயிற்று.

பாய் காற்று மூக்கின் இணைப்பைப் பிடுங்கினார். உள்ளே பச்சை பூத்திருந்தது. ஒரு பித்தளை முனை உதிர்ந்து அவர் உள்ளங்கையில் விழுந்தது. அதை உற்றுப் பார்த்தார். இன்ஜின் ஓரத்தில் காய்ந்து கிடந்த சாக்கைப் பார்த்தார். பிறகு முனையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். 

அக்கா மூக்கில் மீட்டரை வைத்தாள். முள் அசையவே இல்லை.

"சூடு ஏறினா இது கரண்ட்ட தாராளமா விடும். குளிர்ந்தா விடாது. இப்ப சுத்தமா விடல. அப்ப பொட்டிக்கு இன்னா தோணும்?"

"கரண்ட்டு கட்டுன்னு," என்றேன்.

"நீ மண்டிக்கே போ. வெளிய பயங்கரக் குளிருன்னு தோணும். குளிர்ல வண்டிக்குப் பெட்ரோல் ஜாஸ்தி வேணும். அதான் ஊத்திக்கினே இருக்குது."

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அடப் பாவமே! கத்திரி வெயில்ல செங்கம் ரோட்ல நின்னுக்கினு, பனி பெய்யுதுன்னு கம்பளி போத்திக்கினு கெடக்குதா இது?"

அக்கா கைப்பையிலிருந்து ஒரு சின்ன ரெசிஸ்டரை எடுத்து இணைப்பில் செருகினாள். 'வெளியே மிதமான சூடு' என்று பெட்டியிடம் பொய் சொல்கிற ரெசிஸ்டர். பாய் ஸ்டார்ட் செய்தார். புகை கறுப்பிலிருந்து சாம்பலாகி, சாம்பலும் போயிற்று. டீக்கடை நாற்காலியில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்த எல்கே எழுந்தார். "சேர்ந்துவிட்டது," என்றார். பியானோவுக்குச் சொல்கிற அதே சொல் என்று நினைக்கிறேன்.

* 'கண்ணை மூடியிருந்தாரா? கறுப்புக் கண்ணாடி என்று எழுதியிருக்கிறாயே.'

(கண்ணை மூடியிருந்தார் என்றே வைத்துக்கொள்வோம். கதைக்கு நல்லது.)

4

வியாதி தெரிந்தது. மாற்று மூக்கு எங்கே கிடைக்கும்? எல்கேவின் ஊருக்குக் கடிதம் போட்டு, அது கப்பலில் வந்து, சுங்கத்தில் உட்கார்ந்து, கையில் கிடைக்க மூன்று மாதம். இருப்பது இருபத்து மூன்று நாள்.

"இந்த ரெசிஸ்டரே போதாதா?" என்றேன்.

"இது எப்பவும் ஒரே வெயிலத்தான் சொல்லும்," என்றாள் அக்கா. "மலை மேல போய்ப் பனியில நின்னாலும், மிதமான சூடுன்னே சொல்லும். பெட்ரோல் கம்மியாயிடும். நின்னுடும்."

அப்போதுதான் பாய் டீக்கடைப் பக்கம் கையைக் காட்டினார். ரேடியோ பாடிக்கொண்டிருந்தது. "டீச்சரம்மா, சத்தத்த ஜாஸ்தி கம்மி பண்றோமே ஒரு திருகு, அது இன்னா பண்ணுது?"

அக்கா அவரையே ஒரு நிமிடம் பார்த்தாள். "கரண்ட்ட ஜாஸ்தி கம்மி பண்ணுது பாய்."

"அப்ப அத ஸ்டீரிங் பக்கத்துல வெச்சிடுவோம். வண்டிக்குத்தான் மூக்கு போச்சி. அந்தம்மாவுக்கு இருக்குதில்ல? வெயில்னா இப்படித் திருப்பட்டும், குளிர்னா அப்படித் திருப்பட்டும்."

பரசுராமன் கடைக்கு நான் போனேன்.

"வால்யூம் திருகு, வயரு, ஈயம். பதினெட்டு."

"ரேடியோ வேணாம்ங்க, திருகு மட்டும்."

"திருகுக்குத்தான்யா பதினெட்டு. ரேடியோன்னா முந்நூறு."

"நான் ஒம்போதுக்கு வந்தவன்."

"அப்ப ஒம்போதுக்கு விக்கிற கடைக்குப் போ."

"போனேன். அவரு ஒங்க சரக்குதான் நல்லாருக்கும்னு அனுப்பினாரு."

பதினோரு ரூபாய் எழுபது காசு.

இனி திருகை எவ்வளவு திருப்பினால் எவ்வளவு வெயில் என்று தெரிய வேண்டும். அதற்கு அக்கா வழி கண்டுபிடித்தாள். காற்று மூக்கு செத்தாலும், இன்ஜின் மூக்கு உயிரோடு இருந்தது. இரண்டும் ஒரே ஜாதிச் சரக்கு. அதைக் கழற்றி எடுத்துக்கொண்டு வெயிலையும் குளிரையும் தேடி ஊருக்குள் புறப்பட்டோம். அக்கா கையில் மீட்டர், பாய் கையில் மூக்கு, எல்கே கையில் நோட்டு, என் கையில் குடை. குடை மீட்டருக்கு.

மேற்குக் கோபுர வாசலுக்கு வெளியே, மதியம் ஒரு மணிக் கல்லின் மேல் மூக்கை வைத்தோம்: எழுநூறு ஓம். (ஓம் என்பது கரண்ட்டைத் தடுக்கிற அளவு; குளிரக் குளிர ஏறும்.) செருப்பைக் கழற்றிவிட்டு வந்த ஒருவர், காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே, "இன்னா சார், கல்லுக்கு நாடி பாக்கறீங்களா?" என்று கேட்டார். செங்கம் சாலைப் புளியமர நிழலில் ஆயிரத்து இருநூறு. கிணற்றுத் தண்ணீரில் இரண்டாயிரத்துக்குக் கொஞ்சம் கம்மி. சோடாக்கடை ஐஸ் கரைசலில் ஆறாயிரத்தைத் தொட்டது.

கிணற்றுக்கும் ஐஸுக்கும் நடுவில் பெரிய பள்ளம். "நடுவுல ஒண்ணு வேணுமே," என்றார் பாய். "மார்கழி விடியல். சுபுஹு தொழுகைக்குத் தண்ணி தொட்டா பல்லு தந்தியடிக்குதே, அது."

மே மாதத்தில் மார்கழிக்கு எங்கே போவது?

"ஐயாயிரம் வைங்க," என்றேன்.

"ஐயாயிரம்னா நம்ம ஏரியே கல்லாயிடும். ரெண்டாயிரத்து எழுநூறு," என்றாள் அக்கா.

"ரெண்டாயிரத்து எழுநூறு ஐப்பசி டீச்சரம்மா. நான் சொல்றது மார்கழி. நாலு."

"மூணேமுக்கா," என்றேன்.

"டேய், ஓம் ஒண்ணும் மல்லாட்ட இல்ல, நீ பேரம் பேச."

எல்கே எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்து, என்ன சண்டை என்று கேட்டார். டிசம்பர் அதிகாலை எவ்வளவு குளிர் என்று சொன்னேன். அவர் சிரித்து, "எனக்கும் டிசம்பர் தெரியும். ஆனால் இது உங்கள் டிசம்பர். நீங்களே முடிவு செய்யுங்கள்," என்றார். மூவாயிரத்தில் படிந்தது.

பாய் இன்ஜின் மூக்கைத் திரும்ப அதன் இடத்தில் பொருத்திவிட்டு, ஸ்டீரிங் பக்கத்தில் துளை போட்டுத் திருகை மாட்டினார். திருகைச் சுற்றி ஆறு கோடு. பக்கத்தில் ஒட்ட ஒரு அட்டை. பாய் சொல்லச் சொல்ல நான் தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதினேன்.

ஒன்று: மேற்குக் கோபுரக் கல், மதியம்.
இரண்டு: புளியமர நிழல், அதே மதியம்.
மூன்று: கிணற்றுத் தண்ணீர்.
நான்கு: மார்கழி விடியல்.
ஐந்து: சோடாக்கடை ஐஸ்.
ஆறு:

ஆறாவது கோட்டுக்கு எழுத எங்களிடம் எதுவும் இல்லை. ஐஸை விடக் குளிர்ந்த ஒன்றை நாங்கள் மூவரும் தொட்டதில்லை. "அந்தம்மாவே எழுதிக்கட்டும்," என்றார் பாய். "அது அவங்க ஊரு."

இந்த அட்டையை ஒரு சொல் விடாமல் மொழிபெயர்த்தேன். இதை நினைவில் வையுங்கள்.

* 'உண்மையில் மார்கழி இரண்டாயிரத்து எழுநூறுதான். அந்த டிசம்பரிலேயே ஆய்வகத்தில் கிடைத்த வேறொரு மூக்கை வைத்து அளந்து பார்த்தேன். உன்னிடம் சொல்லவில்லை.'

5

மணி மூன்றே முக்கால். அக்கா மீட்டரைத் துண்டில் சுற்றிக்கொண்டு கல்லூரிக்கு ஓடினாள். ஒர்க்‌ஷாப்பில் நாங்கள் மூன்று பேர். கார் ஓடிக்கொண்டிருந்தது. எல்கே திருகில் இரண்டு விரலை வைத்து, மயிரிழை மயிரிழையாகத் திருப்பி, காது கொடுத்து, ஒரு இடத்தில் நிறுத்தினார். சரியாகப் புளியமர நிழல்.

விடிந்தால் புறப்பட வேண்டும். பையைத் திறந்து, "எவ்வளவு என்று கேள்," என்றார்.

கேட்டேன். பாய் இன்ஜினை நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து அந்தப் பச்சை பூத்த முனையை எடுத்து, உள்ளங்கையில் வைத்து எல்கே முன்னால் நீட்டினார். என்னைப் பார்க்காமல் அவரைப் பார்த்தே பேசினார்.

"அம்மா, ஒங்க வண்டி தானா கெடல. சித்திர மாசம் ஃபுல்லா நான் இத அம்பாசிடர்னு நெனச்சி அது மேல ஈரத்துணி போட்டேன். தண்ணி உள்ள எறங்கி மூக்கு அழுகிடுச்சி. தப்பு என்னுது. காசு வேணாம்."

பிறகு என் பக்கம் திரும்பி, "சொல்லுங்க நைனாரே," என்றார். அதுவரை 'கேளு', 'வா' என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் கடைசி இரண்டு சொல்லை மட்டும் ஆங்கிலமாக்கினேன். காசு வேண்டாமாம்.

எங்கள் மண்டியில் ஒரு வழக்கம் உண்டு. விலை படிகிற நேரத்தில் மூட்டைக்குள் இருக்கும் சொத்தையைப் பற்றி விற்கிறவன் வாய் திறப்பதில்லை. வாங்குகிறவன் கையை உள்ளே விட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டியது. தொட்டிலிலிருந்தே கேட்டு வளர்ந்தது. அந்த அம்மாள் கையில் பணப்பை திறந்திருந்தது. என் நாக்கு தானாக மடங்கிக்கொண்டது.

('பாய்மேல் இருந்த இரக்கத்தால்தான் சொல்லவில்லை' என்று ஒரு பிரதியில் எழுதினேன். பிறகு அடித்தேன். பாதி உண்மை. பாதி விலைக்கே எடுத்துக்கொள்ளுங்கள்.)

எல்கே பாயின் முகத்தைப் பார்த்தார். உள்ளங்கையில் இருந்த முனையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"அவ்வளவுதானா? அவர் நிறைய நேரம் பேசினாரே."

"அவ்வளவுதான். தமிழ் கொஞ்சம் நீளமான பாஷை."

எதைப் புரிந்துகொண்டாரோ. பாயின் கையை, முனையோடு சேர்த்து, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். பாய்க்குக் கண் கலங்கிவிட்டது. மன்னிப்பு கிடைத்துவிட்டது என்று அவர் நினைத்தார். மூன்று நாள் உழைத்துவிட்டுக் காசு வேண்டாம் என்கிற மகான் ஒருவரைக் கண்டுவிட்டோம் என்று எல்கே நினைத்திருப்பார். நடுவில் நான், இரண்டு பக்கமும் கமிஷன் வாங்கின தரகன் மாதிரி.

* இந்தப் பக்கத்தின் ஓரத்தில் சுனந்தா அக்கா ஒன்றே ஒன்றுதான் எழுதியிருக்கிறாள்: 'டேய்.'

6

கதையை ஐந்தாம் பகுதியோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எல்கே ஊர் போய்ச் சேர்ந்தாரா என்று கேட்பீர்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

சேர்ந்தார். ஆகஸ்டில் ஒரு தபால் அட்டை வந்தது, என் பெயருக்கு, மண்டி விலாசத்துக்கு. எல்லையை ஜூன் ஒன்பதாம் தேதி தாண்டினாராம். அவருடைய அக்காவின் வீடு அக்காவிடமே இருக்கிறதாம். ராஜஸ்தானில் இரண்டு நாள் கோபுரக் கல்லிலேயே ஓட்டினாராம். ஒரு கணவாயில் சோடாக்கடை ஐஸையும் தாண்டித் திருப்ப வேண்டி வந்ததாம், கார் நிற்கவில்லையாம். கீழே, இடம் போதாமல் பொடி எழுத்தில், இரண்டு வரி:

'அன்று மதார் பேசியதன் மீதியை எழுதி அனுப்ப முடியுமா? அட்டையில் ஆறாவது கோட்டுக்குப் பக்கம் இன்னும் இடம் வைத்திருக்கிறேன்.'

எல்கே போகும் முன் ஆசிரமப் பக்கம் எல்லோரிடமும் பாயைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போயிருந்தார். காசு வாங்காத மெக்கானிக். அதிலிருந்து அந்தப் பக்கத்து வெளிநாட்டு வண்டி, உள்நாட்டு வண்டி எல்லாம் பாயிடம்தான். (வாங்கினார், வாங்காமல் எப்படி? நியாயமாக வாங்கினார்.) தகரக் கொட்டகை சிமெண்டுத் தளமாயிற்று. தப்பை ஒத்துக்கொண்டதால் வந்த பேர் என்று அவர் நம்புகிறார். ஒர்க்‌ஷாப்பில் வேலைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும் முதலில் அந்தக் கதையைத்தான் சொல்கிறார். அவர்களும் எதையாவது உடைத்தால் வந்து சொல்லிவிடுகிறார்கள்.

இப்போது நான் செய்யக்கூடிய முடிவுகளை வரிசையாக வைக்கிறேன்.

(அ) எல்கேவுக்கு மீதியை எழுதிவிடுகிறேன். அவர் உடனே பாய்க்கு எழுதுவார், அவர் அப்படிப்பட்டவர். பாய் அந்தக் கடிதத்தைப் படித்துக் காட்டச் சொல்லி என்னிடமே கொண்டுவருவார். 'உங்கள் தவறை இப்போதுதான் அறிந்தேன், அதனால் என்ன' என்ற முதல் வரியை நான் எப்படி மொழிபெயர்க்க?

(ஆ) பாயிடம் நேரில் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் ஆரம்பித்தும் பார்த்தேன். "பாய், அன்னிக்கு நான் அந்தம்மாகிட்ட —" "ஆமா நைனாரே," என்றார், "அழகா சொன்னீங்க. நீங்க இல்லன்னா அந்தம்மாவுக்கு எப்படித் தெரிஞ்சிருக்கும்?" என் வண்டி பிரேக்குக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார்.

(இ) எல்கே அன்றைக்கே எல்லாம் புரிந்துகொண்டார். பச்சை முனை, காய்ந்த சாக்கு, பாயின் முகம். இவை போதாதா, சுருதி பார்க்கிற காதுக்கு? இது எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. மூன்று முறை எழுதினேன். ஆனால் புரிந்தவர் எதற்காக மீதியைக் கேட்டு எழுதுகிறார்?

(ஈ) ஒன்றும் செய்யாமல் இருப்பது. இதைப் பத்து வருடமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

* 'பதில் தெரிந்துகொண்டே நான்கு போட்டிருக்கிறாய். எல்கேவுக்கு உள்ள கடனை அடைக்கப் பாயின் பையில் கைவைக்க வேண்டியிருக்கிறது, அதுதானே உன் கஷ்டம்? ஆனால் அந்த அம்மாள் கேட்டுவிட்டார். கேட்ட பிறகு அது உன் சரக்கு இல்லை.'

7

அக்கா சொல்வது சரி. ஆகையால் முடிவை நான் எழுதவில்லை.

தகரப் பெட்டியின் நிலைமையில் இப்போது நீங்கள் இருக்கிறீர்கள். உங்களுக்கு வெயில் எவ்வளவு என்று சொல்ல என்னைத் தவிர வேறு மூக்கு இல்லை. அதுவும் அழுகினது என்று ஐந்தாம் பகுதியில் பார்த்துவிட்டீர்கள். ஆகவே திருகை உங்கள் கையில் தருகிறேன்.

செங்கம் சாலையில் எப்போதாவது உங்கள் வண்டி நின்றால், புளியமரத்தைத் தாண்டி, இடது கைப்பக்கம் ஒர்க்‌ஷாப். பாய் நன்றாகப் பார்ப்பார். பார்த்துக்கொண்டே இந்தக் கதையைச் சொல்வார். 'ரெண்டு கையாலயும் புடிச்சிக்கினாங்க' என்கிற இடம் வரும்போது ஸ்பேனரை நிறுத்திவிட்டு உங்கள் முகத்தைப் பார்ப்பார். நீங்களோ இதைப் படித்தவர். அப்போது என்ன முகம் வைத்துக்கொள்வீர்களோ, அதுதான் முடிவு. நான் அந்தப் பக்கம் வரமாட்டேன்.

அப்பா மண்டியைச் சாத்துமுன் அன்றைய கணக்கை முடிக்காமல் எழுந்ததில்லை. நானும் முடித்துவிடுகிறேன்.

மதார் பாய் கொடுத்த சொல்: இருபத்தைந்து.

எல்கேவிடம் சேர்த்தது: இரண்டு.

வாசகர் பேரில் எழுதலாமா என்று பார்த்தது, இந்த நிமிடம்வரை: இருபத்து மூன்று. (அடித்துவிட்டேன்.)

பாக்கி, தன்யகுமார் பேரில்: இருபத்து மூன்று.